மிசாவாவில் குளிர்காலம்: மாற்றலாகி வரும் படைக் குடும்பங்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

என் கணவர் அமெரிக்க விமானப்படையில் விமானப் பராமரிப்பு வேலையில் இருக்கிறார். மாற்றல் உத்தரவு வந்து, நாங்களும் பிள்ளைகள் இருவரும் ஜப்பானின் அவோமோரி மாநிலத்தில் உள்ள மிசாவா தளத்துக்கு வந்தோம். மூன்று குளிர்காலம் பார்த்தாகிவிட்டது. படையில் தமிழ்க் குடும்பங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் உத்தரவில் மிசாவா என்ற பெயரைப் பார்த்ததும் யார் யாரிடமோ விசாரித்து என்னிடம் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஊரிலிருந்து அம்மாவும் அத்தையும் கேட்பதையும் சேர்த்து ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மிசாவா எங்கே இருக்கிறது? டோக்கியோவுக்குப் பக்கமா?

இல்லை. ஜப்பானின் பெரிய தீவான ஹோன்ஷுவின் வடகோடிப் பகுதி. டோக்கியோவிலிருந்து ஷிங்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஹச்சினோஹே வரை மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, அங்கிருந்து உள்ளூர் ரயிலில் இருபது நிமிடம். அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் சியாட்டிலில் பேட்ரியாட் எக்ஸ்பிரஸ் என்ற, படைக் குடும்பங்களுக்கான விமானம் ஏறித் தளத்திலேயே இறங்குவார்கள். ஒரே ஓடுதளத்தை அமெரிக்க விமானப்படையும் கடற்படையும் ஜப்பானின் வான் தற்காப்புப் படையும் பயணிகள் விமானங்களும் பங்கிட்டுக்கொள்கின்றன.

விமானத்துக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு தளத்தைவிடப் பழையது. 1931 அக்டோபரில் இங்குள்ள சபிஷிரோ கடற்கரையிலிருந்து கிளம்பிய இரண்டு அமெரிக்கர்கள், எங்கும் நிற்காமல் பசிபிக் கடலைக் கடந்து வாஷிங்டன் மாநிலத்தின் வெனாட்சியில் இறங்கினார்கள். அப்படிக் கடந்தவர்களில் அவர்கள்தான் முதல். நாற்பத்தோரு மணி நேரப் பயணம். எடையைக் குறைக்க நடுவானில் சக்கரங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, வயிற்றால் தரை இறங்கினார்கள். ஊரில் உள்ள விமான, அறிவியல் அருங்காட்சியகத்தில் அந்த விமானத்தின் மாதிரி இருக்கிறது. பனிப்புயல் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாதபோது முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

குளிர் தாங்க முடியுமா?

தாங்கலாம். ஜனவரி இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே நான்கைந்து டிகிரி சாதாரணம், சில இரவுகளில் அதற்கும் கீழே போகும். மிசாவா பசிபிக் கடல் பக்கம் இருப்பதால் அவோமோரி நகரத்தில் கொட்டுகிற அளவுக்கு இங்கே பனி கொட்டாது. ஆனால் காற்று கத்திபோல இருக்கும்.

என்னைக் கேட்டால் குளிரைவிடக் கஷ்டமானது இருட்டு. டிசம்பரில் மாலை நான்கு மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் சூரியன் மறைந்துவிடும். பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்போதே விளக்கு போட வேண்டியிருக்கும். முதல் வருடம் நவம்பர் கடைசியில் எனக்குக் காரணமே இல்லாமல் அழுகை வந்தது. பிறகு பக்கத்து வீட்டில் இருந்த இன்னொரு படைவீரரின் மனைவி சொன்னதைச் செய்தேன்: வேலை எதுவாக இருந்தாலும் மதியம் ஒரு மணிக்கு முன்னால் அரை மணி நேரம் வெளியே நடப்பது. இன்றும் அதை விடவில்லை.

தளத்துக்குள் வீடு எடுப்பதா, வெளியே எடுப்பதா?

உள்ளே இருந்தால் சூடு ஒரே சீராக இருக்கும், மண்ணெண்ணெய்க் கவலை இல்லை, பள்ளி பக்கம், கமிசரி என்கிற தளத்து மளிகைக் கடையும் பக்கம். கைக்குழந்தை இருந்தால் உள்ளே இருங்கள் என்றுதான் சொல்வேன். நாங்கள் முதல் இரண்டு வருடம் வெளியே இருந்தோம். இந்த ஊரைத் தெரிந்துகொண்டேன் என்றால் அந்த இரண்டு வருடத்தில்தான்.

வெளியே இருந்தால் இரண்டு விஷயம் பழக வேண்டும். ஒன்று, தோயு. மண்ணெண்ணெய்க்கு இங்கே அதுதான் பெயர். 18 லிட்டர் பிடிக்கிற சிவப்பு பிளாஸ்டிக் கேனை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்குக்குப் போகலாம், அல்லது பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவில் வருகிற லாரியை நிறுத்தலாம். அந்தப் பாட்டுக் கேட்டதும் என் சின்னவன் கேனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவான். ஜன்னலை அவ்வப்போது திறந்து காற்று விட வேண்டும், தூங்கும்போது ஹீட்டரை அணைத்துவிட வேண்டும்.

இன்னொன்று மிசுநுகி, அதாவது குழாயில் நிற்கும் தண்ணீரை வடித்துவிடுவது. கடுங்குளிர் இரவிலும், வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகும்போதும், தண்ணீர் வால்வை மூடிவிட்டு எல்லாக் குழாயையும் திறந்து வைத்து நீரை இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் உறைந்து குழாய் வெடித்துவிடும். முதல் குளிர்காலத்தில் அதைச் செய்யாமல் இரண்டு நாள் வெளியூர் போய்விட்டோம். திரும்பி வந்து குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு இல்லை. எதிர்வீட்டுப் பாட்டியிடம் ஓடினேன். அவர் ஒரு பழைய துண்டும் கெட்டிலும் எடுத்துக்கொண்டு வந்தார். கொதிநீரை ஊற்றப் போன என் கையைப் பிடித்துத் தடுத்தார். துண்டைக் குழாயில் சுற்றி, கை பொறுக்கிற சூட்டில் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, நிறுத்தி, மறுபடி ஊற்றி, முக்கால் மணி நேரம் அந்தக் குளிரில் குனிந்தே நின்றார். முதலில் ஒரு இருமல் மாதிரிச் சத்தம், அப்புறம் துரு கலந்த தண்ணீர், அப்புறம் நல்ல தண்ணீர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு அப்போது ஜப்பானிய மொழியில் பத்து வார்த்தை தெரியும். மறுநாள் காலை வால்வு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று படம் போட்டு எங்கள் கதவில் ஒட்டியிருந்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

கார் ஓட்டுவது பயமாக இருக்குமா?

முதல் மாதம் இருக்கும். அமெரிக்காவில் வலப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் இங்கே இடப்பக்கம் ஓட்ட வேண்டும். நம் ஊரில் ஓட்டிய கைக்கு அது சொந்த ஊர் சாலை மாதிரிதான். தளத்தில் தேர்வு எழுதி, அமெரிக்கப் படையினருக்கான லைசென்ஸ் வாங்க வேண்டும். நவம்பர் கடைசிக்குள் நான்கு டயரையும் ஸ்டட்லெஸ் என்ற பனிக்கால டயராக மாற்றிவிடுங்கள், ஏப்ரல் வரை கழற்ற வேண்டாம்.

ஊரைச் சுற்றும்போது கவனியுங்கள்: சிக்னல் விளக்குகள் மேலிருந்து கீழாக நிற்கும். படுக்கைவசத்தில் இருந்தால் பனி ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்பதால் இந்த ஏற்பாடு. சாலையோரக் கம்பங்களிலிருந்து சிவப்பும் வெள்ளையுமான அம்புக்குறிகள் கீழ்நோக்கித் தொங்கும். எல்லாம் வெள்ளையாகிவிட்ட நேரத்தில் சாலையின் விளிம்பு எங்கே என்பதை அந்த அம்புதான் சொல்லும். பனியில் கார் சிக்கிவிட்டால் எஞ்சினை ஓடவிட்டு உள்ளே உட்காராதீர்கள். புகைக்குழாயைப் பனி அடைத்துக்கொண்டால் விஷப்புகை உள்ளே வரும், வாசனைகூடத் தெரியாது. வண்டியில் ஒரு மண்வாரி, போர்வை, தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

குடித்துவிட்டு ஓட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் 0.03 சதவீதமே இங்கே எல்லை. ஒரு பீர் அதைத் தாண்டிவிடலாம். கூட உட்கார்ந்து வருகிறவருக்கும் தண்டனை உண்டு, படையில் வேலைக்கும் ஆபத்து.

குழந்தைகளோடு முதலில் எங்கே போகலாம்?

ஸ்டவ் ரயில். வேறு யோசனையே வேண்டாம்.

சுகாரு ரயில்வே என்று ஒரு சிறிய தனியார் ரயில் பாதை, மாநிலத்தின் மேற்குப் பக்கம் கோஷோகவாராவிலிருந்து சுகாரு நகாசாதோ வரை 20.7 கிலோமீட்டர். டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை அதில் நிலக்கரி அடுப்பு வைத்த பழைய பெட்டிகளைக் கோத்து ஓட்டுகிறார்கள். பானை வயிற்று இரும்பு அடுப்பு, மேலே கூரைவரை போகும் புகைக்குழாய், மரப்பலகைத் தரை. பெட்டியிலேயே காய்ந்த கணவாய் விற்பார்கள். வாங்கினால் ஊழியரே அடுப்பின் மேல் கம்பி வலையில் போட்டு வாட்டித் தருவார். கணவாய் முதலில் விளிம்பில் சுருளும், அவர் கையுறை போட்ட விரலால் அமுக்கிப் பிடிப்பார், பெட்டி முழுக்கக் கருவாட்டு வாசனை. எனக்கு ஒரு நொடியில் தூத்துக்குடியில் ஆச்சி வீட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டதுபோல இருந்தது. நாரைப் பிய்ப்பதுபோலப் பிய்த்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார், எதிர் இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத தாத்தாவுக்கும் சேர்த்து. ஜன்னலுக்கு வெளியே வயல் எது, வானம் எது என்று தெரியாத வெள்ளை. ஸ்டவ் பெட்டிக்குத் தனிக் கட்டணம் உண்டு, சாதாரண டிக்கெட்டோடு அதையும் சேர்த்து வாங்க வேண்டும்.

வழியில் கனாகி என்ற ஊரில், தரையில் கிடக்கும் பனியைக் காற்று வாரி அடிக்கிற வயல்வெளியில் நடந்து பார்க்க ஒரு சுற்றுலாவே நடத்துகிறார்கள். அந்தக் காலத்துப் பெண்கள் போர்த்திய கம்பளியைப் போர்த்தி, காலில் பனிநடைக்கான வளையம் கட்டிவிடுவார்கள். என் பெரியவள் இதைத்தான் இன்றுவரை பேசுகிறாள்.

கைக்குழந்தையோடு அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் ஹிரனாயில் அசாதோகோரோ கடற்கரைக்குப் போங்கள். குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வருகிற அன்னங்கள் அங்கே கரையோரம் மிதந்துகொண்டிருக்கும். ஒரு மணி நேரம் போதும்.

பக்கத்து அகிதா மாநிலத்தில் யோகோதே என்ற ஊரில் பிப்ரவரி நடுவில் கமகுரா விழா. பனியைக் குவித்துக் குடைந்து சிறு அறைகள் செய்து, உள்ளே நீர் தெய்வத்துக்கு ஒரு மாடம் வைத்து, ஊர்ப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். போகிறவர்களை உள்ளே கூப்பிட்டு, அமசாகே என்ற இனிப்பான அரிசிப் பானமும் மோச்சி என்ற சுட்ட அரிசிப் பண்டமும் தருவார்கள். நம் பிள்ளைகள் கூட்டாஞ்சோறு ஆக்குவது மாதிரிதான். கார் பயணம் நீளம், ஓர் இரவு தங்குவதாகத் திட்டம் போடுங்கள்.

உள்ளூர்த் திருவிழா ஒன்றே ஒன்று பார்க்க வேண்டுமானால்?

ஹச்சினோஹேயின் என்புரி. பிப்ரவரி 17 முதல் 20 வரை. மிசாவாவிலிருந்து அரை மணி, முக்கால் மணி நேரம்தான்.

என்புரி என்ற பெயர் வந்தது, சேற்று வயலைச் சமன் செய்கிற கருவியின் பெயரிலிருந்து. நம் ஊரில் பரம்பு அடிப்பதில்லையா, அதே வேலை. உழவு, விதைப்பு, நடவு எல்லாவற்றையும் ஆடிக் காட்டி, வரப்போகும் வருடம் நன்றாக விளையட்டும் என்று வேண்டுகிற ஆட்டம் இது. குதிரைத் தலை போல வடிவமைத்த, பளபளவென்று வண்ணம் தீட்டிய பெரிய தொப்பியை ஆட்டக்காரர்கள் தலையில் கட்டிக்கொள்வார்கள். கையில் கோலைத் தரையில் ஊன்றி, அந்தத் தொப்பி பனியைத் தொடும் அளவுக்குத் தலையைச் சுழற்றி இறக்குவார்கள். பனி மூடிக் கல்லாய்ப் போன தரையைத் தட்டி எழுப்புகிறார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட குழுக்கள் ஊர் ஊராக வந்து சேரும். இடையிடையே சின்னப் பிள்ளைகள் தூண்டில் போட்டு மீன் பிடிப்பதாக ஆடுவார்கள். 17ஆம் தேதி விடியும் முன்பே சோஜாசான் கோயிலில் குழுக்கள் கூடும், முற்பகலில் நகரத் தெருவில் எல்லாக் குழுக்களும் ஒரே நேரத்தில் ஆடும். முடிந்தால் விடியற்காலையிலேயே போங்கள். கூட்டம் குறைவு, பறையடி போல அந்த மேளம் இருட்டில் கேட்பது தனி.

தைப் பொங்கல் முடிந்து ஒரு மாதம் கழித்து, விவசாயத்துக்கு என்று இன்னொரு ஊர் இப்படித் தலையை மண்ணில் வைத்துக் கும்பிடுவதைப் பார்த்தபோது, அந்தக் கூட்டத்தில் நான் அந்நியமாக உணரவே இல்லை.

ஹச்சினோஹேயின் ததெஹானா துறைமுக ஞாயிறு காலைச் சந்தையைப் பற்றியும் கேட்கிறார்கள். ஜனவரி, பிப்ரவரியில் அது கிடையாது. மார்ச் நடுவில்தான் தொடங்கும்.

ஹக்கோடா மலை, சுகாயு வெந்நீர் ஊற்று: குளிர்காலத்தில் போக முடியுமா?

முடியும், போக வேண்டும். ஆனால் வழியைக் கவனியுங்கள். வரைபடத்தில் தோவாதா நகரம் வழியாகப் போவதுதான் கிட்டம் என்று தோன்றும். சுகாயுவுக்கும் யாச்சிக்கும் இடையே உள்ள மலைச்சாலையைக் குளிர்காலம் முழுக்க மூடிவிடுவார்கள், ஏப்ரல் தொடக்கத்தில்தான் திறப்பார்கள். ஆகவே அவோமோரி நகரம் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும்.

சுகாயுவில் 2013 பிப்ரவரி 26 அன்று தரையில் கிடந்த பனியின் உயரம் 566 சென்டிமீட்டர். மாடி வீட்டின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மரத்தால் ஆன பெரிய குளியல் கூடத்தில் பால் நிறத்தில், நாக்கில் பட்டால் புளிக்கிற கந்தக நீர். அது ஆண்களும் பெண்களும் சேர்ந்து குளிக்கிற பழைய வழக்கத்துக் கூடம். பெண்களுக்கென்று தனி நேரமும், தனியாகச் சிறிய குளியலறைகளும் உண்டு. நான் தனி நேரத்தில் போனேன்.

மேலே ரோப்வேயில் ஏறினால் மரங்களைப் பனி மூடி, பூதங்கள் வரிசையாக நிற்பதுபோல இருக்கும். பனிச்சறுக்குத் தெரிந்தவர்களுக்கு இந்த மலை உலகப் புகழ். வழிகாட்டி இல்லாமல் பாதையை விட்டு விலகிப் போகாதீர்கள்.

அதற்கான காரணத்தை அவோமோரி நகரின் கோபாதாவில் உள்ள நினைவு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 1902 ஜனவரி. ரஷ்யாவோடு போர் வரலாம் என்ற நிலை. குளிரில் படையை நடத்திச் செல்லப் பழக வேண்டும் என்று அவோமோரியின் 5ஆம் காலாட்படைப் பிரிவிலிருந்து 210 பேர் இந்த மலைக்குக் கிளம்பினார்கள். போர் அல்ல, வெறும் பயிற்சி. பனிப்புயலில் வழி தவறி 199 பேர் இறந்தார்கள். தேடிப் போனவர்கள் முதலில் கண்டது, பனியில் புதைந்தபடி நின்றுகொண்டிருந்த கோதோ என்ற கார்ப்பரலை. உயிர் இருந்தது. அவரைக் கண்டதால்தான் மற்றவர்கள் எங்கே என்று தெரிந்தது. அதே நாட்களில் ஹிரோசாகியிலிருந்து கிளம்பிய சிறிய குழு ஒன்று உள்ளூர் ஆட்களை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு மலையைக் கடந்து திரும்பியது.

அருங்காட்சியகத்தை ஒட்டி அந்த வீரர்களின் கல்லறைகள். என் கணவர் அங்கே ரொம்ப நேரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பயிற்சிக்குப் போகிறேன் என்று அவர் சொல்லிவிட்டுப் போகும் ஒவ்வொரு காலையும் எனக்கு அந்த 199 என்ற எண் நினைவுக்கு வருகிறது. பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். பத்து வயதுக்கு மேல் என்றால் புரியும்.

உடம்பில் பச்சை குத்தியிருந்தால் ஒன்சென்னில் (வெந்நீர் ஊற்றுக் குளியலிடத்தில்) விடுவார்களா?

பல இடங்களில் விடமாட்டார்கள். சில இடங்களில் சின்னதாக இருந்தால் மறைக்க ஒட்டுத்துணி தருவார்கள். நேரம் போட்டு வாடகைக்கு எடுக்கிற குடும்பக் குளியலறை இருக்கிற இடமாகப் பார்த்துப் போனால் பிரச்சினையே இல்லை.

சப்போரோ பனி விழாவுக்கு எப்படிப் போவது?

பிப்ரவரி தொடக்கத்தில் நடக்கும், ஏறக்குறைய ஒரு வாரம். 1950இல் பள்ளி மாணவர்கள் ஓதோரி பூங்காவில் ஆறு பனிச்சிலை செய்ததில் தொடங்கியது. 1955 முதல் ஜப்பான் தற்காப்புப் படையினர் சேர்ந்துகொண்ட பிறகுதான் மாளிகை உயரச் சிற்பங்கள் வந்தன. மிசாவாவின் அமெரிக்கக் கடற்படையிலிருந்தும் ஒரு குழு போய்ச் சிற்பம் செய்வது வழக்கம்.

ரயிலில் போனால் 53.85 கிலோமீட்டர் நீளமுள்ள செய்கான் சுரங்கப்பாதை வழியாகக் கடலுக்கு அடியில் ஹொக்கைடோவுக்குள் நுழையலாம். எங்களுக்குப் பிடித்தது ஹச்சினோஹேயிலிருந்து தோமாகோமாய் போகும் இரவுக் கப்பல். காரையும் ஏற்றிக்கொள்ளலாம், பிள்ளைகள் தூங்கி எழும்போது கரை வந்துவிடும். தங்குமிடத்தை மட்டும் பல மாதம் முன்பே பதிந்துவிடுங்கள்.

சாப்பாடு? சைவமாக இருந்தால்?

சைவம் கஷ்டம்தான். காய்கறி என்று சொல்லித் தருவதிலும் மீன் ஊறிய சாறு இருக்கும். வெளியே போகும் நாளில் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். அசைவம் என்றால் இது சொர்க்கம்: டிசம்பர் முதல் மார்ச் வரை மிசாவாவின் ஹொக்கிச் சிப்பியைச் சோற்றின் மேல் வைத்துத் தருவார்கள், ஹச்சினோஹேயில் கோதுமை அப்பளத்தைப் போட்டுக் கொதிக்கவைத்த செம்பேஜிரு. பூண்டுக்கு இங்குள்ள தாக்கோ என்ற ஊர் பெயர் பெற்றது. ஒரு பல் நம் ஊர்ப் பூண்டு நாலைந்து பல்லுக்குச் சமம், ரசத்துக்கு அருமை.

தோசை மாவு புளிக்காது என்று கவலைப்படுகிறவர்களுக்கு: கொதாட்சு என்று அடியில் ஹீட்டர் பொருத்திய தாழ்வான மேசை இருக்கிறது, மேலே மெத்தை போர்த்தியிருப்பார்கள். பாத்திரத்தை மூடி, ஹீட்டரை அணைத்த பிறகு அந்தக் கதகதப்பில் இரவு வைத்தால் காலையில் பொங்கியிருக்கும்.

அவர் வெளிநாட்டுப் பணிக்குப் போய்விட்டால் நான் மட்டும் பிள்ளைகளோடு எப்படி?

இரண்டாவது குளிர்காலத்தில் எனக்கு அதுதான் நடந்தது. பனி வாரித் தள்ளுவது, டயர் மாற்றுவது, தோயு வாங்குவது எல்லாம் அவர் கிளம்பும் முன் ஒருமுறை நீங்களே செய்து பார்த்துவிடுங்கள். ஆம்புலன்ஸுக்கு 119, காவல்துறைக்கு 110, உங்கள் முகவரியை ஜப்பானிய மொழியில் எழுதி போனுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அப்புறம் வாரம் ஒருநாள் வெளியே போவதை நிறுத்தாதீர்கள். அவர் வரட்டும், சேர்ந்து பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டு மூன்று வருடமும் வேலிக்குள்ளேயே கழித்துவிட்டுத் திரும்பிய குடும்பங்களை எனக்குத் தெரியும். நான் அந்த வருடம் பிள்ளைகளோடு தனியாகத்தான் என்புரிக்குப் போனேன். வீடியோவில் அவரும் பார்த்தார்.

குளிர்காலத்தில் நிலநடுக்கம் வந்தால்?

2011 மார்ச் 11 நிலநடுக்கத்தின்போது இந்தப் பகுதியில் இன்னும் குளிர், மின்சாரமும் போயிற்று. மின்சாரம் இல்லாமல் திரி வைத்து எரிகிற மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்று வீட்டில் இருக்கட்டும். கடற்கரையில் இருக்கும்போது அதிர்ந்தால் எச்சரிக்கைக்குக் காத்திராமல் மேட்டுக்குப் போங்கள்.

திரும்பிப் போகும்போது பனிச் சாமான்களை என்ன செய்வது?

டயர், மண்வாரி, பிள்ளைகளின் பனி உடை, சிவப்புக் கேன் எல்லாவற்றையும் அடுத்து வருகிற குடும்பத்துக்குக் கொடுத்துவிடலாம், தளத்தில் உள்ள பழைய பொருள் கடையிலும் போடலாம். எங்களுக்கு ஜூனில் மாற்றல். நீங்கள் வருகிறீர்கள் என்றால் பிள்ளைகளின் வயதையும் காலணி அளவையும் எழுதுங்கள், எடுத்து வைக்கிறேன்.